காணாமல் போகும் ஏரி



ஆடியில் புல் அறுத்த இடத்தில் ஐப்பசியில் படகு விட முடியுமா? முடியும் என்கிறார்கள் ஐரோப்பாவில், ஸ்லோவேனியா நாட்டின் செர்க்னிட்சா ஊர்க்காரர்கள். அங்குள்ள ஏரி நிரம்பினால் 20 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். கோடை முடிவில் போய்ப் பார்த்தால் ஏரியே இருக்காது, மாடு மேயும்!

அப்போ தண்ணி எங்கே போச்சு? தரைக்கு அடியில்தான். அந்தப் பகுதியில் சுண்ணாம்புப் பாறை அதிகம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்து அரித்துக் குகைகளையும் சுரங்க ஆறுகளையும் உண்டாக்கிவிட்டது. இத்தகைய நிலத்துக்குக் 'கார்ஸ்ட்' என்று பெயர். அந்தப் பெயரே அதே நாட்டின் 'க்ராஸ்' பீடபூமியிலிருந்து வந்ததுதான்.

நம்ம ஹாஸ்டல் வாஷ்பேசினை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை முழுசாகத் திறந்தால், கீழே ஓட்டை இருந்தும் தொட்டி நிரம்பும். அதே கதைதான் இங்கும். இலையுதிர்கால மழையிலும், வசந்தத்தில் பனி உருகும்போதும் ஊற்றுகளில் வரும் நீர் அதிகம். வெளியேற்றும் துளைகளின் கொள்ளளவு குறைவு. சில நாட்களிலேயே ஏரி எழும்பிவிடும். வரத்து குறைந்ததும் மெல்ல வடியும். ஒரு துளைக்கு 'சல்லடை' என்றும், சத்தம் போடுகிற சில துளைகளுக்கு 'மேளக்காரர்கள்' என்றும் அவர்கள் மொழியில் பெயர்! வடிந்த நீர் குகைகள் வழியே போய், கடைசியில் தலைநகர் லூப்லியானா வழியாக ஓடும் ஆற்றில் சேருகிறது.

இதை நேரில் ஆராய்ந்து எழுதிய வால்வசோர், 1687-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். நிலத்தடித் தொட்டிகளும் சைபன் குழாய்களும் இருப்பதாக அவர் போட்ட கணக்கு தப்புதான். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து எழுதாமல், இடத்துக்கே போய்ப் பார்த்தாரே!

இனிதான் சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டியது. 1968-69-ல் ஏரியை நிரந்தரமாக்க நினைத்து, இரண்டு பெரிய குகை வாய்களைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். ஏரி நிரந்தரமாகவில்லை. அடைத்தது இரண்டு வாய். பாறையில் இருந்ததோ எத்தனையோ வாய்! பின்னாளில் அந்த அடைப்பிலும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். இன்று அது 'ராம்சார்' பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம்.

நாளைக்கு நாமும் சைட்டில் நிற்கப் போகிறவர்கள். சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கும் முன், கீழே இருப்பது என்ன பாறை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வோம்!