பெங்குவினும் பூக்குழியும்

வண்ணம் தேடி வந்தவர்கள் – 7

நியூ கினித் தீவில் பெங்குவின் கிடையாது. ஆனால் 1776-ல் பாரிஸில் வெளியான ஒரு பயண நூலில், நியூ கினியில் கண்டவை என்று பெங்குவின் படங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவுக்கே உரிய சிரிக்கும் கூக்கபரா பறவையும் அதே தீவின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பிழை ஒட்டிக்கொண்டே விட்டது. அந்தக் கூக்கபராவின் அறிவியல் பெயரில் இன்றும் நியூ கினி இருக்கிறது. ஜென்டூ பெங்குவினின் பெயரில் பப்புவா இருக்கிறது.

படம் போட்டவர் பியர் சொன்னேரா. 1748-ல் லியோன் நகரில் பிறந்தவர். மொரீஷியஸில் இயற்கை ஆய்வாளர் கொமெர்சோனிடம் தொழில் பழகினார். ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தேடிப் போன கப்பலில் பிலிப்பைன்ஸ், மொலுக்கஸ் பக்கம் போனதென்னவோ உண்மை. நியூ கினிக் கரையை மட்டும் மிதிக்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆள்தான் அடுத்து நம்மூருக்கு வந்து சேர்ந்தார். அப்போதைய புதுச்சேரி, 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கி, 1765-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, மறுபடி எழும்பிக்கொண்டிருந்த ஊர். 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா எனச் சுற்றிய சொன்னேரா, 1782-ல் அந்தப் பயணத்தை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சுமார் 140 படங்கள். தெய்வங்கள், தறி நெய்பவர், கொல்லர், தச்சர், பறவைகள் என்று நம் கடற்கரையின் வாழ்க்கையே அதில் இருக்கிறது. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இவர் பெயர் இருப்பதும் இந்தப் பயணத்தால்தான். படங்களைப் பாரிஸில் செப்புத் தகட்டில் செதுக்கியவர் பொய்சோன். அச்சில் எல்லாமே கறுப்பு வெள்ளை. சில பிரதிகளில் மட்டும் கையால் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள்.

நியூ கினி விஷயம் தெரிந்தவர்கள் இந்த நூலையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள். ஆனால் திருவிழாப் பகுதிக்கு வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தருமராஜாவுக்கும் திரௌபதிக்கும் எடுக்கும் நெருப்புத் திருநாளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். விழா 18 நாள். வேண்டுதல் உள்ளவர்கள் விரதம் இருக்கிறார்கள், பாயில்லாமல் வெறுந்தரையில் படுக்கிறார்கள், மனைவியை நெருங்குவதில்லை. பதினெட்டாம் நாள் தலையில் பூவும் உடம்பில் மஞ்சளுமாக வந்து, சுமார் 40 அடி நீளத் தணலில் இறங்குகிறார்கள். சிலர் வேகமாக ஓடுகிறார்கள், சிலர் நிதானமாக நடக்கிறார்கள். எல்லாம் அவரவர் பக்தியைப் பொறுத்தது. கைக்குழந்தையோடு இறங்குகிறவர் உண்டு. வேல், வாள், கொடி ஏந்தி இறங்குகிறவரும் உண்டு. முடிந்ததும் கூட்டம் ஓடிவந்து சாம்பலை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்கிறது. இறங்கியவர்களிடம் பூவைக் கேட்டு வாங்குகிறது.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி பார்த்தவர்களுக்கு இதில் அந்நியமாக என்ன இருக்கிறது? காப்பு கட்டுவதும் பாரதம் படிப்பதும் படுகளமும் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். ஆனால் சாம்பலுக்கு முண்டியடிக்கும் கூட்டம் தப்பவில்லை. குண்டத்தையும் குண்டத்தில் இறங்குகிறவரையும் யாரும் வரைந்துவிடுவார்கள். எல்லாம் முடிந்தபின் ஜனம் என்ன செய்கிறது என்று நின்று பார்ப்பவர்தான் ஓவியர். பின்னாளில் ஜேம்ஸ் ஃப்ரேசர் தம் ‘தங்கக் கிளை’ நூலில் உலக நெருப்பு விழாக்களைத் தொகுத்தபோது இந்த வர்ணனையையும் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. தலை மாறிப்போன மாரியாத்தா கதையை சொன்னேரா எழுதியிருந்தார். அது ஜெர்மனிக்குப் போய் கதே கையில் ‘பறையன்’ என்ற கவிதையாயிற்று. நம்மூர்ப் பாட்டிகள் சொன்ன கதை அது. வழி செய்து கொடுத்தது ஒரு பயணியின் புத்தகம்.

பெங்குவினில் சறுக்கியவர் பூக்குழியில் எப்படி நிமிர்ந்தார்? பயணம் ஒரு காட்சியை ஒரே ஒரு முறைதான் காட்டும். கப்பல் நகர்ந்துவிட்டால் மீதியைக் கேள்விப்பட்டதை வைத்து நிரப்ப வேண்டியதுதான். திருவிழா அப்படியல்ல, வருஷா வருஷம் அதே மாதத்தில், அதே வீதிக்குத் திரும்பி வரும். போன வருஷம் தவறவிட்டதை இந்த வருஷம் பிடித்துக்கொள்ளலாம். பிழையாக வரைந்தால் திருத்த ஊரே பக்கத்தில் இருக்கும். வெளியூர்க்காரருக்கு உள்ள புதுக்கண்ணும் உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கும் மறுவாய்ப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஓவியருக்கு யோகம்தான்.

அந்த யோகம் இன்றும் இங்கே இருக்கிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். கூப்பிடு தூரத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன். ஆடி ஐந்தாம் வெள்ளி தேரோட்டத்துக்கு பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தது போய், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். கேமராக்களெல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பும். ஓவியம் படிக்கிற பிள்ளைகள் சக்கரத்துப் பக்கம் போகட்டும். முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் செருகிவிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறாரே, அவர் முதுகு எப்படி வளைகிறது என்று பார்க்கட்டும். முதல் வருஷம் கோடு சரியாக வராது. பரவாயில்லை. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அடுத்த ஆடியில் தேர் மறுபடி ஓடும்.

ஊர் ஊராகப் போய் வரையத்தான் வேண்டும். ஆனால் போன ஊரில் ஒரு திருவிழாவை இரண்டாம் முறையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் பெங்குவின்தான் மிஞ்சும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: பாரிஸில் ஓவியம் கற்று, ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்து, 1920-ல் புதுச்சேரிக்குத் திரும்பி இங்கேயே தங்கிவிட்ட மிரா.