கண்டல் இலையும் நம் வீட்டுக் கறிச்சட்டியும்

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும் நேரம். போரில் கணவரை இழந்து, வாவியில் இறால் பிடித்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவர் கேட்டார்.

"மிஸ், முந்தி அத்தாங்கு கொண்டு இறங்கினா கறிக்கும் காணும், விற்கவும் காணும். இப்ப கறிக்கே காணாது. இறால் எல்லாம் எங்க போன?"

வாசலில் அவர் கொண்டுவந்த விறகுக்கட்டு சாத்தியிருந்தது. அத்தனையும் பச்சைக் கண்டல். அவருடைய கேள்விக்கு ஒரு பாதி விடை அந்தக் கட்டில் இருந்தது.

சகோதரிகளே, உணவுச் சங்கிலி பற்றிப் பாடசாலையில் படித்திருப்போம். வாவியில் அது கண்டல் இலையில் தொடங்குகிறது. சூரிய ஒளியின் சக்தியை இலை உணவாக்கி வைக்கிறது. பழுத்து நீரில் விழும் இலையைப் பற்றீரியாவும் பங்கசும் பற்றி மக்கச் செய்கின்றன. அந்த மக்கலை இறாலும் நண்டும் தின்கின்றன. இறாலைக் கொடுவா தின்கிறது. கொடுவா நம் கறிச்சட்டிக்கு வருகிறது.

ஆனால் ஒவ்வொரு படியிலும் சக்தியின் பெரும்பகுதி நீந்தவும் மூச்சுவிடவும் செலவாகி, வெப்பமாகப் போய்விடுகிறது. அடுத்த படிக்குச் சேர்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மக்கலில் 1000 பங்கு சக்தி இருந்தால் இறாலில் 100, கொடுவாவில் 10, நம் உடலில் 1. அமெரிக்க விஞ்ஞானி றேமண்ட் லின்டமன், ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து, சக்தி படிக்குப் படி குறைவதை 1942இல் விளக்கினார்.

சத்துக்கள் மக்கி மீண்டும் மரத்துக்கே உரமாகும். செலவான சக்தியோ திரும்பாது. அதை நாள்தோறும் வெயிலிலிருந்து பிடித்துத் தர இலை வேண்டும். இலை குறைந்தால் மேலேயுள்ள படிகள் எல்லாம் சுருங்கும்.

கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சுகள் பெரிய மீனுக்குத் தப்பி வளர்கின்றன. நண்டு தோண்டும் வளைகள் சேற்றுக்குள் காற்றைக் கொண்டுசென்று வேருக்கு உதவுகின்றன. மரம் நண்டுக்கு உணவிட, நண்டு மரத்தைக் காக்கிறது.

போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணம் காட்டி வாவியோரத்தின் பல இடங்களில் கண்டல்கள் வெட்டப்பட்டன. அது நம் கையில் இருக்கவில்லை. சிறுகண் வலைகளாலும் கழிவுநீராலும் இறால் குறைகிறது. பழியை ஒரு விறகுக்கட்டின் மேல் போட முடியாது.

இதைச் சொன்னபோது அந்த அக்கா, "அடுப்பு எரிய வேணுமே மிஸ்?" என்றார். நியாயமான கேள்விதான். அன்று கூடியிருந்த பெண்களே வழியும் சொன்னார்கள். தென்னம்பாளையும் மட்டையும் சேர்த்து வைக்கலாம். வேலியில் கிளிசரியாத் தடி நட்டால், கிளையை வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலை ஆட்டுக்கு, தடி அடுப்புக்கு.

2015இல் நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் அதன் பகுதியாகவே சேர்க்கப்பட்டன. பெண்ணின் அடுப்பை மறந்து கண்டலைக் காக்க முடியாது என்பதை அத்திட்டம் உணர்ந்திருந்தது.

சில கண்டல் இனங்களின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். விழுந்ததைப் பொறுக்கி, கண்டல் அழிந்த சேற்றோரத்தில் நிமிர்த்தி ஊன்றினால் வேர் பிடிக்கும். அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். "இறால் இப்பவே வராது, தெரியும். என்ர பிள்ளையள் பிடிக்கட்டும்" என்றார்.