மரை போனால் மதிப்பும் போச்சு! பழைய புல்லட்டில் “டேப்” விடும் முன் உஷார்!

செங்கல்பட்டு:

ஒரு போல்ட்டு. அது போய் உட்காரும் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் இருக்கும் மரை. 50 வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிளின் உயிர் இங்கேதான் இருக்கிறது!

பெயிண்டு போனால் திரும்ப அடிக்கலாம். டயர் தேய்ந்தால் மாற்றலாம். சீட்டு கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். ஆனால் என்ஜினின் “கிராங்க் கேஸ்” என்கிற அடிக்கூட்டில் மரை போனால்?

புல்லட்டில் என்ஜின் நம்பர் குத்தியிருப்பதே அந்தக் கிராங்க் கேசில்தான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதே நம்பர்தான். கூட்டை மாற்றினால் நம்பரும் மாறிப் போகும். தாத்தா காலத்து வண்டி “ஒரிஜினல்” என்று சொல்லும் மதிப்பும் அதோடு போச்சு!

இத்தனைக்கும் பல சமயம் மரை கெட்டே இருக்காது. உள்ளே இருப்பது வெறும் அழுக்கும் துருவும்தான். துடைத்தால் போதும். அதை விட்டுவிட்டு, கையில் கிடைத்த “டேப்”பை எடுத்து ஓட்டைக்குள் விட்டுத் திருகுகிறார்கள். அங்கேதான் வினை!

கடல் காத்து செய்யும் வேலை

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம். இந்தக் கரை முழுவதும் அடிப்பது உப்புக் காத்து.

பழைய புல்லட்டில் கிராங்க் கேஸ் அலுமினியம். அதில் இறங்கும் “ஸ்டட்”டும் போல்ட்டும் இரும்பு. இந்த இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் என்ன ஆகும்? சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதில் கரைவது அலுமினியம். வெள்ளை வெள்ளையாகப் பவுடர் பூத்து, மரையை அடைத்துக்கொள்ளும். போல்ட்டு அசையாது.

மீன் கூடை கட்டி மொபெட் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இந்தக் கதை தெரியும். ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் சொட்டச் சொட்ட ஓடும் வண்டியில், ஸ்பேனருக்கு மசியாத நட்டு சகஜம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோ மீட்டர். ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஒரு ரவுண்டு போய்வருகிறவர்கள் உண்டு. வந்ததும் நல்ல தண்ணியில் கழுவித் துடைக்காமல் கொட்டகையில் தள்ளினால், உப்பும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

சிலர் “துருவே பிடிக்காது” என்று எவர்சில்வர் போல்ட்டு போடுகிறார்கள். போல்ட்டு துருப்பிடிக்காதுதான். ஆனால் உப்பு ஈரம் இருந்தால் அது அலுமினியத்தை இன்னும் வேகமாகத் தின்னும். எந்த போல்ட்டாக இருந்தாலும் மரையில் “ஆன்டி-சீஸ்” பசையோ, அது இல்லாவிட்டால் கிரீசோ தடவித்தான் ஏற்றணும்.

பார்த்தால் ஒண்ணு, மரை வேற!

புல்லட் பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்சும் 1955-ல் கூட்டு சேர்ந்தன. தொழிற்சாலை வந்த இடம் திருவொற்றியூர். அது அந்தக் காலத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்!

வண்டியோடு கூடவே வந்து இறங்கியது இங்கிலீஷ்காரன் மரை.

அதில் மூன்று வகை உண்டு. ஒன்று, 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற என்ஜினீயர் வகுத்த விட்வொர்த் மரை. இரண்டாவது, அதையே நெருக்கமாக்கி 1908-ல் வந்த பி.எஸ்.எப். மரை. மூன்றாவது, 1902-ல் சைக்கிளுக்காக வகுத்த சி.இ.ஐ. மரை. பழைய மெக்கானிக்குகளுக்கு இது “சைக்கிள் மரை”.

1956-ல் இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மில்லி மீட்டர் போல்ட்டுகளும் புகுந்தன. போதாததற்கு, 50 வருஷமாக ஆளுக்கு ஆள் மாற்றிய போல்ட்டுகள் வேறு. ஒரே வண்டியில் நாலு வகை மரை இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஏமாறும் இடம் இதுதான்.

5/16 அங்குல போல்ட்டின் கனம் 7.94 மில்லி மீட்டர். 8 மில்லி மீட்டர் போல்ட்டின் கனம் 8. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒண்ணுதான்! மரையை எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஓர் அங்குல நீளத்துக்கு விட்வொர்த்தில் 18 மரை. பி.எஸ்.எப்.பில் 22. சைக்கிள் மரையில் 26. சாதாரண 8 மில்லி மீட்டரில் ஏறக்குறைய 20.

கால் அங்குலம் இன்னும் மோசம். பி.எஸ்.எப்.பிலும் 26, சைக்கிள் மரையிலும் 26. எண்ணினாலும் தெரியாது! வித்தியாசம் மரையின் சரிவில் இருக்கிறது. விட்வொர்த், பி.எஸ்.எப். இரண்டுக்கும் 55 டிகிரி. சைக்கிள் மரைக்கும் மெட்ரிக்குக்கும் 60 டிகிரி.

தப்பான டேப்பை விட்டால் முதல் இரண்டு சுற்று சுலபமாகப் போகும். “ஆஹா, செட் ஆயிடுச்சு” என்று தோன்றும். மூன்றாவது சுற்றில் பழைய மரையின் குறுக்கே புது மரை வெட்டிக்கொண்டு போகும். எடுத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை!

ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. செக்கோஸ்லோவாக்கியா வழி வந்த ஜாவாவும், போலந்து வழி வந்த ராஜ்தூத்தும் மெட்ரிக் வண்டிகள். யெஸ்டியில் தகராறு செய்வது சைலன்சர் குழாயைப் பிடிக்கும் வளைய நட்டு. கரி வெந்து வெந்து அங்கே மரை இறுகிப் போயிருக்கும்.

என்ன வாங்கணும்?

முதலில் வாங்க வேண்டியது டேப் இல்லை. “பிட்ச் கேஜ்”! சீப்பு மாதிரி பல் வைத்த இரும்புத் தகடுகள் அடங்கிய சின்னக் கருவி. மரையில் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கணும். இடுக்கில் வெளிச்சம் தெரியாமல் எந்தத் தகடு உட்காருகிறதோ, அதுதான் அந்த மரை. 55 டிகிரிக்கு ஒன்று, 60 டிகிரிக்கு ஒன்று என்று இரண்டும் வேணும்.

அடுத்தது கம்பி பிரஷ். அலுமினிய ஓட்டைக்கு, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உருண்டையான பித்தளைக் கம்பி பிரஷ். மண்ணெண்ணெயிலோ, துரு இளக்கும் எண்ணெயிலோ ராத்திரி முழுக்க ஊறவிட்டுத் தேய்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: “சேசர்”. பார்க்க டேப் மாதிரியே இருக்கும். ஆனால் வேலை வேறு. டேப் உலோகத்தை வெட்டும். சேசர் வெட்டாது. அடைப்பைத் தள்ளும், நசுங்கிய மரையை நிமிர்த்தும். தேய்ந்த ஓட்டையில் டேப் விட்டால் மிச்சம் இருக்கும் நல்ல உலோகமும் சுரண்டிக்கொண்டு போகும். பிறகு போல்ட்டு லொடலொடதான்.

இங்கிலீஷ் மரைக்குச் சேசர் லேசில் கிடைக்காது. அதற்குப் பட்டறைக்காரர்களிடம் ஒரு யுக்தி இருக்கிறது. அதே மரை உள்ள நல்ல பழைய போல்ட்டு ஒன்றை எடுக்கணும். “ஆக்சா” பிளேடால் நீளவாக்கில் மூன்று நாலு வெட்டு போடணும். பிசிறை அரத்தால் எடுக்கணும். எண்ணெய் தடவிக் கையால் ஏற்றி இறக்கினால், அழுக்கெல்லாம் அந்த வெட்டில் வந்து சேரும். செலவு ஒரு போல்ட்டு!

டேப்தான் வேணும் என்றால் “எச்.எஸ்.எஸ்.” டேப்பாகப் பார்த்து வாங்கணும். சென்னை கம்பெனியான அடிசன் போட்ட டேப் பட்டறைகளில் பழகிய சரக்கு. டேப் செட்டில் முதல் டேப், இரண்டாவது டேப், கடைசி டேப் என்று மூன்று வரும். சுத்தம் செய்யக் கைப்பிடி போட்டு முறுக்கக்கூடாது. விரலால் திருகணும். இறுகினால் அதுவே எச்சரிக்கை. நிறுத்திவிட்டு மறுபடியும் கேஜ் வைத்துப் பார்க்கணும்.

போல்ட்டு, ஸ்டட் இவற்றின் வெளி மரைக்கு பிரஷ், மரை அரம், கடைசியாக “டை நட்டு”. சைக்கிள் மரைக்குக் கருவி கிடைக்காதவர்கள் பழைய சைக்கிள் கடையில் விசாரிக்கலாம். சைக்கிள் அச்சில் இருப்பதும் 26 மரைதான்.

வெடிக்கும் கூடு!

அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கி நிற்கும்போது போல்ட்டை முறுக்கினால் என்ன ஆகும்? எண்ணெய் நசுங்காது. அழுத்தம் தாங்காமல் அலுமினியக் கூடு விரிசல் விடும்! போல்ட்டு ஏற்றும் முன் ஓட்டையைக் காற்று அடித்துக் காய வைக்கணும். அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

டேப் உள்ளே உடைந்தாலும் ஆபத்து. அது கெட்டி எஃகு. டிரில் இறங்காது. மின்பொறியால் அரித்து எடுக்கும் “ஸ்பார்க் எரோஷன்” பட்டறையைத் தேடிப் போகணும்.

பிளக் ஓட்டைக்குக் கூடுதல் கவனம் தேவை. புல்லட்டு, யெஸ்டி இரண்டிலும் 14 மில்லி மீட்டர், 1.25 மரை. சேசரின் வெட்டுகளில் கிரீசை அப்பி விட்டால், துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் துகள் சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் கீறும்.

மரை அடியோடு போயிருந்தால்? பெரிய சைசுக்கு டேப் போட்டுப் பெரிய போல்ட்டை அறைவது தப்பு. “ஹெலிகாயில்” என்ற கம்பிச் சுருளை உள்ளே ஏற்றினால், பழைய அளவு போல்ட்டையே மறுபடியும் போடலாம். கூடும் பிழைக்கும், நம்பரும் பிழைக்கும்.

ஆனால் சக்கர அச்சு, பிரேக் இவற்றின் மரை தேய்ந்திருந்தால் எந்தக் கருவியும் வேண்டாம். பாகத்தையே மாற்றணும். கிழக்குக் கடற்கரைச் சாலை வேகத்தில் அச்சு நட்டு கழன்றால் போவது உயிர்!

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு “விண்டேஜ்” வண்டி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் ஆன இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். நம்பர் பலகையில் “வி.ஏ.” என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக்கூடாது.

முக்கியமான நிபந்தனை: வண்டி பழைய உருவிலேயே இருக்கணும். பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது.

என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். அனுமதி இல்லாமல் வேறு கூட்டைப் போட்டு ஓட்டினால், சோதனையில் நம்பர் ஒத்துப்போகாது. “இது திருட்டு வண்டியா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லணும். பழைய கூடு வாங்கும்போதும் பில், ஆர்.சி. இல்லாமல் வாங்கினால் வம்பு வீடு தேடி வரும்.

கேஜ், பிரஷ், பழைய போல்ட்டு. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு கொஞ்சம். அவசரப்பட்டு ஒரு தப்பு டேப்பை விட்டால் போவது கிராங்க் கேஸ். அது கடையில் கிடைத்தாலும், அந்த நம்பரோடு கிடைக்காது!