சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சொல்

ஒரு நெடுஞ்சொல்லின் எழுத்துகளிலிருந்து குறுஞ்சொற்களைப் பிரித்தெடுக்கும் விளையாட்டு நாளிதழ்களின் சிறுவர் பக்கத்தோடு பிறந்ததன்று. சோழர் காலத்து அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதனை 'அக்கரச்சுதகம்' என்னும் பெயரில் சித்திரக்கவி வகைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. அக்கரம் என்பது எழுத்து, சுதகம் என்பது நீங்குதல். அதாவது, ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சுவது ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவது. கனகனாகிய இரணியனுக்குப் பகைவரான நரசிம்மரைக் குறிக்கும் 'கநகாரி' என்பதில் முதலெழுத்து நீங்கினால், நகமாகிய மலைக்குப் பகைவனான முருகனைக் குறிக்கும் 'நகாரி' கிடைக்கிறது. மேலும் ஓரெழுத்து நீங்கினால் ஐயனாரின் பெயரான 'காரி' எஞ்சுகிறது. எழுத்தைக் கூட்டிக்கொண்டே செல்லும் 'எழுத்து வருத்தனை' இதற்கு நேர்மாறானது.

தமிழில் மெய்யும் உயிரும் கூடிய உயிர்மெய் ஓரெழுத்தாகவே கொள்ளப்படுவதால், அதனை உடைக்க இயலாது. ஆகவே ஆங்கிலத்தைவிட இங்கு ஆட்டம் சற்றுக் கடினமே. எனினும் மும்பைத் தாராவியை ஒட்டியுள்ள லேபர் கேம்ப்பின் பெயரில் முன்னிற்கும் 'மாட்டுங்கா' என்னும் ஐந்தெழுத்துச் சொல், வரிசையை மாற்றிக்கொள்ள இசைந்தால், மா, கா, மாடு, காடு, மாட்டு, காட்டு எனத் தாராளமாகவே ஈகிறது. 'மாங்கா'வும் அதனுள் உண்டு. அது பேச்சு வழக்கென்று புலவர்கள் தள்ளக்கூடும், லேபர் கேம்ப்புச் சிறுவர்கள் தள்ளமாட்டார்கள்.