தாடைப் புராணம் - 9: எங்கே உடையும்?

கீழ்த்தாடை துருத்திய ஹாப்ஸ்பர்க் அரசர்களைத் தாண்டி வந்தாயிற்று. அவர்களில் ஐந்தாம் சார்லஸின் வாய் ஏன் மூடவில்லை என்பதை மறந்தவர்கள் போன இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதாகச் சொல்லியிருந்தேன். வாசலிலேயே பல் டாக்டர் மறிக்கிறார், முதலில் பல்லுக்குக் கம்பி க்ளிப் என்கிறார்.

க்ளிப் பல்லை நகர்த்தும். வளர்ந்தவரின் தாடை எலும்பை நகர்த்தாது. பெண்களுக்குப் பதினாறு, பதினேழு வயதிலும் ஆண்களுக்குப் பதினெட்டைத் தாண்டியும் தாடை வளர்ச்சி ஓய்கிறது. அதன் பிறகு பெரிய ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய எலும்பை வெட்டித்தான் ஆகவேண்டும். அப்படியானால் நேரே வெட்டிவிட வேண்டியதுதானே, நடுவில் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கம்பி எதற்கு?

பற்கள் இத்தனை வருஷம் சமாளித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். கீழ்த்தாடை துருத்தியவருக்குக் கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மேல் முன்பற்கள் உதட்டை நோக்கி எட்டிப் பார்க்கும். தாடையில் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பல்லில் நாலோ ஐந்தோதான் தெரியும். அப்படியே வெட்டி நகர்த்தினால் பல்லும் பல்லும் முட்டிக்கொள்ளும், தாடை பாதி வழியில் நின்றுவிடும். அதனால் க்ளிப்பின் முதல் வேலை சாய்ந்த பற்களை நிமிர்த்துவது, அதாவது இருக்கிற கோளாறை முழுசாக வெளியே கொண்டுவருவது. மாதாமாதம் கடிப்பு மோசமாகிக்கொண்டே போகும். கல்யாணம் நிச்சயமான பிறகு இதை ஆரம்பிக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியை வீட்டில் உரக்கப் படித்துக்காட்டவும்.

இனி தியேட்டர். மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு 'லெ ஃபோர் ஒன்று' என்று பெயர். யார் இந்த லெ ஃபோர் என்று தேடப் போய், வாரம் முழுவதும் அந்த மனிதரோடு போய்விட்டது.

ரெனே லெ ஃபோர், பிரான்சின் லீல் நகரத்து அறுவை மருத்துவர். முகத்தில் பலமாக அடி விழுந்தால் எலும்பு எங்கே உடையும் என்பது அவருடைய கேள்வி. 1901-ல் வெளியிட்ட ஆய்வுக்காக அவர் எடுத்துக்கொண்டவை இறந்தவர்களின் தலைகள், முப்பத்தைந்து. சிலவற்றைத் தடியால் அடித்தார். சிலவற்றைப் பளிங்கு மேசையின் விளிம்பில் மோதினார். பிறகு வேகவைத்துச் சதையை நீக்கி, எலும்பில் விரிசல் ஓடிய வழியைக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் சமையல்காரர் யாராவது இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஒரு யோசனை.

அடி எப்படி எப்படியோ விழுந்தது. முகமோ கண்டபடி உடையவில்லை. மூன்று வழிகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, மேற்பல் வேர்களுக்குச் சற்று மேலே படுக்கையாக ஓடி, பல்வரிசையையும் அண்ணத்தையும் ஒரே துண்டாகப் பிரிப்பது. இரண்டாவது, மூக்கையும் சேர்த்துக் கழற்றுவது. மூன்றாவதில் முகமே மண்டையோட்டிலிருந்து விடுபடும். முகம் நொறுங்கியும் மண்டையோடு பல தடவை தப்பியிருந்தது.

அடிதடி எழுதிவைத்த அந்த முதல் கோட்டின் மேலேயே மருத்துவர்கள் பிற்பாடு வேண்டுமென்றே வெட்டினார்கள். முன்பற்கள் சேராத வாயைச் சரிசெய்ய 1927-ல் ஜெர்மனியின் வாஸ்முண்ட் இந்த வழியில் வெட்டினார். ஆனால் மேல்தாடையை முழுக்க விடுவிக்கவில்லை, பிறகு மெல்ல இழுத்தே இடம் சேர்த்தார். முழுசாகப் பிரித்தால் ரத்த ஓட்டம் நின்று எலும்பும் பல்லும் செத்துவிடுமோ என்ற பயம் மருத்துவர்களிடம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவின் வில்லியம் பெல் ரீசஸ் குரங்குகளிடம் சோதித்து, அண்ணத்துச் சதையும் ஈறும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றின் வழியே வரும் ரத்தமே போதும் என்று காட்டினார். எழுபதுகளில் இந்த அறுவை தைரியமாகப் பரவியதில் அந்தக் குரங்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றின் பெயரில் எந்தக் கோடும் இல்லை.

கழன்ற தாடையைச் சரியாக எங்கே உட்கார வைப்பது? அங்கேதான் க்ளிப் போட்டவரின் உழைப்புக்குக் கூலி கிடைக்கிறது. முன்பே செய்துவைத்த அக்ரிலிக் தகட்டை இரண்டு வரிசைக்கும் நடுவே வைத்தால், நிமிர்ந்த பற்கள் அதன் பள்ளங்களில் பதியும். தாடையின் புது இடம் அதுதான். டைட்டானியம் தகடும் திருகும் போட்டு முடுக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டிப்போட்டு, கஞ்சியை உறிஞ்ச வைத்தார்கள். இப்போது க்ளிப்பின் கொக்கிகளில் ரப்பர் வளையம் மாட்டி வழிநடத்துகிறார்கள். கடிப்பைச் செதுக்க இன்னும் அரை வருஷம் கம்பி தொடரும்.

கீழ்த்தாடையை வெட்டுவதைப் பற்றி இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். லெ ஃபோர் இடத்தைத் தின்றுவிட்டார், ஆசிரியர் போனில் இருக்கிறார். 1953, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம், ஓப்வெகேசர் என்ற இளைஞர், வெளியே தழும்பே விழாத ஒரு வெட்டு. அந்த எலும்புக்குள்ளேயே ஓடும் நரம்பு, அதனால் பலருக்குக் கீழுதடு ஏன் மரத்துப்போகிறது என்பது: அடுத்த வாரம்.