துறைமுகத்துக் குமாஸ்தாவும் கேம்பிரிட்ஜ் குளிரும்



“சார், ஃபாரின்ல போய் ஆராய்ச்சி பண்ணணும், பாடம் நடத்தணும்னு ஆசை. அங்கே என்ன சார் கஷ்டம்?” வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நிறுத்திக் கேட்பவர்கள் உங்களில் பலர். நானும் மூன்று வருஷம் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்திவிட்டு வந்தவன்தான். என் அனுபவத்தில், வேலை நேரத்தைவிட வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகுதான் கஷ்டம் அதிகம். இதற்குச் சாட்சியாக நம் வட்டாரத்தில் வேலை பார்த்த ஒருவரையே அழைக்கிறேன்.

புழலில் பஸ் ஏறினால் பாரிமுனை. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் துறைமுகம். அந்தத் துறைமுக அலுவலகத்தில் 1912 மார்ச் 1-ம் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் பலித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. 1914 மார்ச் 17-ல் ‘நெவாசா’ கப்பலில் சென்னையிலிருந்தே புறப்பட்டார்.

பணம் உண்டு, ஹார்டி போன்ற துணையும் உண்டு. பிறகு என்ன குறை? குளிர்! ராத்திரி ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ்தான் சொல்லிக் கொடுத்தார். உலகமே வியந்த மூளைக்கு ஒரு கம்பளி விஷயம் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சுத்த சைவம் என்பதால் தானே சமைத்துக்கொண்டார். 1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது, காய்கறிக்கும் தட்டுப்பாடு. மனைவி ஜானகி இந்தியாவில். 1917-ல் நோயில் விழுந்தார். காசநோய் என்று கருதி சிகிச்சை தந்தார்கள். அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் டாக்டர் யங் எழுதினார். அதே 1917-ல் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவியும் கைநழுவியது. 1918-ல் மனமொடிந்து லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்தார். ரயிலை நிறுத்திக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டிலேயே ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி ஃபெலோ என்ற இரண்டு கௌரவங்களும் வந்தன. ஆனால் உடம்பு போய்விட்டது. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

இன்னொரு வகைக் கஷ்டம், அங்கீகாரம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரி 11-ல் லண்டனில் தம் விண்மீன் ஆராய்ச்சியை வாசித்தார். அடுத்து எழுந்த எடிங்டன் அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் சொன்னதே சரி என்று தனியாக ஒப்புக்கொண்ட பெரிய விஞ்ஞானிகளும் மேடையில் வாய் திறக்கவில்லை. அவர் சண்டையை வளர்க்கவில்லை. 1937-ல் அமெரிக்கா போனார். 1939-ல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவிட்டு அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1983-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இன்று வீடியோவில் அம்மா முகத்தைப் பார்க்கலாம். புதுக் கஷ்டங்களும் உண்டு. பல நாடுகளில் வேலை போனால் விசாவும் போகும். அமெரிக்காவில் வேலை வழி கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால், நம்மவர்கள் வருஷக்கணக்கில் கியூவில் நிற்கிறார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்களா இல்லையா என்பது ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரத்தில்தான் தெரியும். அதுவரை பெட்டியைக் கட்டுவதா, அரிசி வாங்குவதா?

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போகும் முன் நாலு விஷயம் செய்யுங்கள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். சமையல் கற்றுக்கொள்ளுங்கள். உடம்புக்கு வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் போங்கள். முக்கியமாக, தெரியாததை “தெரியலையே” என்று கேட்கப் பழகுங்கள்.

உங்கள் பக்கத்து அறையிலும் ஒரு மகலனோபிஸ் இருப்பார். கதவைத் தட்டுவதற்குக் கூச்சப்படாதீர்கள். போய் வாருங்கள், வெற்றியோடு வாருங்கள்!