சங்கொலியும் கைபேசி நாட்காட்டியும்

நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையத்தில் பிறந்தவன் நான். ஆலைச் சங்கு ஊதினால் தெருவே நேரம் அறிந்த காலம் உண்டு என்பார் அப்பா. சங்கு ஒன்று, நேரமும் ஒன்று. இன்றோ ஆளுக்கொரு கைபேசி, கைபேசிக்கொரு நாட்காட்டி. அத்தனையும் ஒரு கூட்டத்திற்கு ஒரே நேரத்தைக் காட்டுவது எப்படி? இக்கேள்வி எனக்குப் பாடத்தில் பிறந்ததன்று. பட்ட பின் பிறந்தது.

சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வி உதவித்தொகைக்கான ஒரு நேர்காணல். பகல் இரண்டு மணி என மின்னஞ்சலில் அழைப்பு வந்தது. நண்பன் அதிலிருந்த 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினான். நானோ நேரத்தைப் பார்த்துக் கைபேசியில் தனியே குறித்துக்கொண்டேன். முதல்நாள் இரவு, நேரம் காலை பத்து மணி என மாற்றப்பட்டது. அவன் நாட்காட்டி தானே மாறிற்று. என் குறிப்பு மாறவில்லை. ஒருநாள் கூலியை விட்டு அப்பாவும் உடன் வந்தார். ஒன்றரை மணிக்குச் சென்றோம், அறை பூட்டியிருந்தது. திரும்பும் பேருந்தில் அப்பா, "எங்க மில்லுல ஒரே சங்குதானப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மின்னணு நாட்காட்டிகளின் பொதுமொழி 'ஐகேலண்டர்'. 1998இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட நியமம் இது. இதன்படி ஒவ்வொரு கூட்டத்திற்கும் ரேஷன் அட்டை எண் போல ஓர் அடையாளக் குறி உண்டு. அது வேறு எந்தக் கூட்டத்திற்கும் வராது. உடன் ஒரு வரிசை எண்ணும் உண்டு. முதல் அழைப்பில் அது 0. நேரம் மாறினால் குறி மாறாது. வரிசை எண் மட்டும் 1 ஆகும். எந்தக் கூட்டம் என்பதைக் குறி சொல்லும். எது புதிய செய்தி என்பதை எண் சொல்லும். செய்திகள் முன்பின்னாக வந்தாலும் பெரிய எண்ணே நிற்கும்.

நேரத்தை மாற்றும் உரிமை அழைத்தவருக்கே. மற்றவர்கள் வருகிறேன், இயலாது என்று மறுமொழி தரலாம். வேறு நேரம் கோரலாம். நேரத்தோடு எந்த நாட்டு நேரம் என்பதும் பதிவாகும். ஆகவே நம் காலை 10 மணி, துபாயிலுள்ள நம்மூர்க்காரர் கைபேசியில் 8.30 எனத் தோன்றும்.

நான் தனியே எழுதிய குறிப்பில் அந்த அடையாளக் குறி இல்லை. எனவே மாற்றச் செய்தி அதைத் தொடவே இல்லை. பிழை யந்திரத்தினுடையதன்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இவற்றைச் சொல்லித்தர வீட்டில் எவருமில்லை. என்னைப் போன்ற தோழர்களே! அழைப்பைப் பார்த்தெழுதாதீர்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். முதல்நாள் இரவு மின்னஞ்சலையும் ஒருமுறை பாருங்கள். சங்கு இன்றும் ஊதுகிறது; அது நம் காதுக்கு எட்டும்படி இருப்பது நம் பொறுப்பு.